ரம்பத்துக்குள் தகடு

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளைவுட் துண்டு கிடக்கிறது. இரண்டு முனையும் உருண்டை. நடுவில் ரம்பத்தின் கனத்துக்கு ஒரே ஒரு கீறல். திருப்பினால் பென்சிலில் என் பெயர். எழுதியவர் என் சகலை, மனைவியின் அக்காள் கணவர்.

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மரச்சாமான் கம்பெனியில் நான் ரம்ப மெஷின் ஓட்டினேன். பாகூரில் வேலையில்லாமல் இருந்த சகலையை நானே சொல்லிச் சேர்த்துவிட்டேன். சூப்பர்வைசர் வேலைக்கு எங்கள் இரண்டு பேர் பெயரும் அடிபட்ட நாளிலிருந்து அவர் டீ வாங்கிக் கொடுத்தால்கூட ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. அந்த நேரம் பார்த்து ஒருநாள், மரத்தூள் கூட்டுகிற அம்மாள் சொன்னார்: "அண்ணே, ஒங்க சகல ஒங்க மெஷின்ல தகடு வெச்சிட்டுப் போறாரு."

மெஷின் மேசையில் ரம்பம் மேலே வரும் வாயைச் சுற்றி மூடுகிற இரும்புத் துண்டைத் தகடு என்றுதான் நாங்களும் சொல்வோம். அன்றைக்கு அது என் புத்தியில் ஏறவில்லை. தகடு வைத்தான் என்றால் ஊரில் செய்வினை என்றுதானே அர்த்தம்! ஓடிப் போய் அவரைக் கேட்டேன். "இன்னா சகல வெச்ச?" "எல்லாம் ஒன் கைக்குத்தாம்பா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். மெஷினுக்குத் திரும்பி வந்து பார்த்தேன். இரும்பு இருந்த இடத்தில் பிளைவுட். பெயர்த்துப் பார்த்தால் அடியில் என் பெயர், பின்முனையில் ஓர் ஆணி. இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்? அதைக் கழிவுக் குவியலில் வீசி, பழைய இரும்பையே போட்டேன். மறுநாள் கோயிலில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி மெஷினுக்குள் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மெல்லிய பட்டை அறுத்துக்கொண்டிருந்தேன். பழைய தகட்டில் ரம்பத்தின் பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளி உண்டு. அதில் விழுந்த மரச்சிம்பு ஒன்றை ரம்பம் கவ்வி வீசியது. என் காதை உரசிப் போய், பின்னால் பலகையோடு நின்ற சகலையின் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது மயிரிழையில். ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டே கேட்டார்: "அந்தத் தகடு எங்கப்பா? சிம்பு உள்ள போவாம இருக்கத்தானே செஞ்சேன்?" என் கண் கழிவுக் குவியலுக்குப் போனது.

புருவத்தில் தையலோடு வேலைக்கு வந்தவர் புதிதாக ஒரு தகடு செய்தார். மின்சாரத்தை நிறுத்தி, ரம்பத்தை முழுக்க இறக்கி, வாய்க்குள் சேர்ந்திருந்த தூளை அள்ளினார். வதங்கிய எலுமிச்சம்பழம் கையில் வந்தது.

"இத யாரு வெச்சது?"

"தெரியல சகல."

ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். புது பிளைவுட் துண்டை வாயில் பொருத்தி, திருகுகளைத் திருப்பித் திருப்பி, அது ஆடாமல் மேசைமட்டத்துக்கு நிற்கும்படி செய்தார். பின்முனை ஆணி மேசை விளிம்புக்கு அடியில் மாட்டியது, மேலே எழும்பாமலிருக்க. குறுக்கே ஒரு ரீப்பர் கட்டையை இறுக்கிப் பிடித்தபின் மெஷினை ஓட்டி, ரம்பத்தை மெல்ல மெல்ல ஏற்றினார். அது தனக்கு வேண்டிய கீறலைத் தானே அறுத்துக்கொண்டு வந்தது. மறுபடி நிறுத்தி, ரம்பத்தை இறக்கி, துண்டை எடுத்துத் திருப்பிப் பென்சிலால் எழுதினார். "ரெண்டு மெஷினுக்கும் வாய் வேற வேற. மாத்திப் போட்டா தூக்கி அடிக்கும். அதான் பேரு." சூப்பர்வைசர் வேலை கடைசியில் வெளியாள் ஒருவருக்குப் போனது.

அந்த மெஷின் இப்போது இல்லை. வெயிலில் வீட்டுக்கு வரும் சகலையிடம் ஜூஸ் போடட்டுமா என்று என் மனைவி கேட்டால், "ஒன் வூட்டுக்காரரக் கேளும்மா. எலுமிச்சம்பயம் எங்க வெக்கணும்னு அவருக்குத்தான் தெரியும்" என்பார். சிரிக்கும்போது புருவத் தழும்பு மேலே ஏறும். என்னை வெட்கம் பிடுங்கித் தின்னும். உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து துண்டைத் திருப்பிப் பார்ப்பேன். அந்தப் பழத்தைப் பார்த்த பிறகும் அவர் எழுதிய என் பெயர்.