பத்தடி தள்ளி ஒரு விளையாட்டு

முதலில் வந்தது இருமல் இல்லை. சாயங்காலமானால் ஒரு காய்ச்சல் வரும், விடிந்தால் போய்விடும். தறிக்கு நூல் சுற்றும்போது தோள்பட்டை கனக்கும். வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். சின்னச் சின்னதற்கெல்லாம் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் இரண்டு மாதம் இருந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரில் சிவப்பாக ஒரு இழை மிதந்தது. நெசவுக்காரர் வீடு, ஏதோ நூல் விழுந்திருக்கிறது என்று விரலால் எடுக்கப் பார்த்தேன். விரல் பட்டதும் அது கரைந்தது.

அப்போது எங்கள் குப்புவுக்கு ஒரு வயது எட்டு மாதம். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவளாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பம்மாள் என்று பேர் வைத்தோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வைத்தியம் தெரிந்தவள் இல்லை. இதே வியாதியோடு, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிற பெண் யாராவது இதைப் படித்தால், எனக்கு நடந்தது அவளுக்குக் கொஞ்சம் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருத்தணியிலிருந்து ரயிலேறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே (உடம்புக்குள் இருப்பதைக் காட்டும் படம்) எடுத்தார்கள். கபத்தை (இருமும்போது வரும் சளி) வாங்கிக்கொண்டு போனார்கள். நடையில் போட்டிருந்த நீள பெஞ்சில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். யாராவது இருமினால் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். நான் இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கத்து நுரையீரலில் க்ஷயம் (காசநோய்) என்றார்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லியேங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சீக்கிரம் வந்துட்டீங்க. பார்க்கலாம். குழந்தை இருக்கா?"

"ஆங், ஒரு பொண்ணு இருக்குதுங்க."

"அது அம்மாகிட்ட வரக் கூடாது. தூக்கக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது. அம்மா சாப்பிட்ட பாத்திரத்துல அது சாப்பிடக் கூடாது."

"எத்தினி நாளைக்குங்க?" என்றேன்.

"கபத்துல கிருமி இல்லாம போற வரைக்கும்."

"அது எத்தினி நாளுங்க?"

அவர் படத்தைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்து மனசு இரங்கியிருக்க வேண்டும். "வெட்டவெளியில, காத்தோட்டமா, பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம். வாயையும் மூக்கையும் துணியால மூடிக்கணும்" என்றார். அந்தப் பத்தடியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சானடோரியத்தில் (க்ஷயக்காரர்களைத் தங்க வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி) இடம் இல்லை. அதனால் வீட்டிலேயே படுக்கை. உலகச் சண்டை நடந்த காலம், நூல் சரியாகக் கிடைக்கவில்லை. கஞ்சி போட்ட நூலைக் காயவைக்கும் புழக்கடைக் கொட்டகை காலியாகத்தான் இருந்தது. அதில் எனக்குக் கட்டில் போட்டார்கள். குழந்தையை என் ஓர்ப்படி (கணவருடைய அண்ணன் மனைவி) ராஜம்மா அக்கா எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் இரண்டு பெண்கள் உண்டு. மூன்றாவதாக இதுவும் இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) விரிக்கும் மூங்கில் ஒன்றை என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு முன்னால் முற்றத்தில் குறுக்கே போட்டார். கையால் முழம் போட்டுப் பத்தடி அளந்தார். அவர் உள்ளே போனதும் நான் எழுந்து இன்னொரு தரம் அளந்தேன். எனக்கு அரையடி குறைவாகத் தெரிந்தது. தள்ளிப் போடச் சொன்னேன்.

முதல் நாட்களை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். குப்பு மூங்கிலைத் தாண்டி வரப் பார்ப்பாள், அக்கா இடுப்பைப் பிடித்து இழுப்பாள். இரண்டு பேரும் அழுவார்கள். ஒரு மாதம் போனதும் அழுகை நின்றது. அது நின்ற அன்றைக்குத்தான் நான் அதிகம் அழுதேன். அதற்கு மறுவாரம் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளை "அம்மா" என்று கூப்பிட்டாள். என்னைப் பார்த்துக் கூப்பிட அவளுக்குப் பேர் ஒன்றும் இல்லை.

உடம்பு தேறினாலும் குழந்தை எனக்கு இல்லாமல் போய்விடும் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. சாவுப் பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

மலையடிவாரத்துக் கடையில் மரச்சொப்பு வாங்கி வரச் சொன்னேன். ஒரே மாதிரி இரண்டு செட். ஒன்று என் பக்கம், ஒன்று அவள் பக்கம். எந்தச் சாமானும் எதற்காகவும் மூங்கிலைத் தாண்டக் கூடாது.

"இன்னாடி கன்னிம்மா, நீயும் பாப்பாவா ஆயிட்டியா? சொப்பு வச்சி ஆடுற?" என்றாள் அக்கா.

"நான் தூக்கிக் காட்டறத அவளும் தூக்கணும்க்கா. அவ்ளோதான் ஆட்டம்."

நான் குடத்தைத் தூக்கிக் காட்டினேன். குப்பு அம்மிக்கல்லை எடுத்து வாயில் வைத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் தப்பாகச் செய்திருந்தேன். ஏழெட்டுச் சாமான்களை ஒரேயடியாக அவள் முன்னால் பரப்பியிருந்தேன். பிறகு இரண்டே இரண்டு வைத்தேன். உயரமான குடம், தட்டையான முறம். தூக்கிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவசரக்காரியான எனக்கு அந்தச் சும்மா இருத்தல்தான் கஷ்டம். ஒரு காலையில் அவள் என் கையைப் பார்த்தாள், தன் முன்னால் இருந்ததைப் பார்த்தாள், குடத்தை எடுத்து எனக்கு நேராக நீட்டினாள்.

"இதே!" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து "இதே" என்று திரும்பி வந்தது. என்னிடம் அவள் கற்றுக்கொண்ட முதல் சொல் அது.

குழந்தையோடு இப்படி ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் "இதே" வரட்டும். அது நன்றாகப் படிந்த பிறகு "வேற" என்பதைக் கொண்டுவாருங்கள். மூன்று குடத்துக்கு நடுவில் ஒரு முறம் வைத்தால் எது வேறு என்று குழந்தை தானே கைகாட்டும். பிறகு பெரிய குடம், சின்னக் குடம். அதற்கும் பிறகுதான் நிறம். தப்பாக எடுத்தால் தப்பு என்று சொல்லாதீர்கள். உங்கள் கையில் இருப்பதை இன்னொரு தரம் காட்டுங்கள், போதும். குழந்தைக்கு அலுப்பு வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். நான் பல நாள் நிறுத்தவில்லை. அவளை அந்தப் பக்கம் உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நூல் கண்டுகளை வைத்து ஆடும்போது என் வீட்டுக்காரரும் தறியை விட்டு வந்து நிற்பார். அரக்கையும் சிவப்பையும் அவள் பிரித்துக் காட்டியபோது, "பாரு, நெசவுக்காரன் பொண்ணு!" என்றார். அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். தூக்கும்போது அவர் கை எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து அவள் எத்தனை கனம் கூடியிருக்கிறாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். என் இடுப்புக்கு அது தெரியாமல் போயிருந்தது. எண்ணெய் தேய்த்த தலையோடு அவள் வந்து உட்காரும் நாட்களில், காற்று என் பக்கம் அடிக்காதா என்று முந்தானைக்குள் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். சீயக்காய் வாசனை வந்ததாக நானே நினைத்துக்கொள்வேன்.

வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய்க் காற்று ஏற்றிக்கொண்டேன் (விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி போட்டு, நுரையீரலைச் சுற்றிக் காற்றை நிரப்பி, அதைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பது). வலி பழகிவிடும். பழகாதது, ஊசிக்குப் பிறகு மார்பின் ஒரு பக்கம் ஏறி இறங்க, இன்னொரு பக்கம் சும்மா கிடக்கும் அந்த உணர்ச்சிதான். என் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது பயமாக இருந்தது. மல்லாந்து படுத்து, இடது பக்கம் செத்துவிட்டதோ என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

ஒரு வருடம் ஏழு மாதம் ஆனது. மூன்று தரம் தொடர்ந்து கபத்தில் கிருமி இல்லை. "இனிமே குழந்தையைத் தூக்கலாம்" என்றார் டாக்டர். நான்காவது தரம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார், பார்த்தார். அதிலும் இல்லை.

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். முந்தின கிருத்திகைக்கு என் வீட்டுக்காரர் ஒரே பாவில் இரண்டு புடவை நெய்திருந்தார். அரக்கு உடம்பு, மஞ்சள் கரை. ஒன்று அக்கா உடுத்திப் பழகிப்போனது. என்னுடையது மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. நூலுக்கு நூல், கரைக்குக் கரை ஒன்று. என் குப்புவுக்குத்தான் "இதே" தெரியுமே. அம்மா என்று அவள் கூப்பிடுகிறவளின் புடவையிலேயே போனால் பயப்படாமல் வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"குழந்தைய ஏமாத்தப் பாக்குறியா?" என்றார் அவர்.

"பயப்படாம வரட்டுமேன்னுதாங்க."

அக்காவையும் அதே புடவையைக் கட்டச் சொன்னேன். தலை வாரி, வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, மூங்கிலைத் தாண்டினேன். 

குப்பு என் கரையைப் பார்த்தாள். அக்காவின் கரையைப் பார்த்தாள். "இதே" என்றாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "வேற" என்றாள். அக்காவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, கொட்டகைப் பக்கம் கையை நீட்டி, "அங்க போ" என்றாள்.

ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே சரியாகச் சொன்னாள்.

நான் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டேன். அக்கா வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி, இதுக்கா அழுவுற? ஒன்ற வருசமா உன் மூஞ்சில பாதிய மூடிகினு இருந்த. உனக்கு வாய்னு ஒண்ணு இருக்குதுன்னே அதுக்கு இன்னிக்குத்தான் தெரியும். பயப்படாம என்னா பண்ணும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. குப்புவின் கண்ணில் நான் பார்த்ததெல்லாம் அவளுடைய மறதியைத்தான்.

"இப்ப நான் இன்னா பண்றதுக்கா?"

"ஒண்ணும் பண்ணாத. உன் பழைய புடவையைக் கட்டிகினு உன் எடத்துலயே குந்து. மூஞ்சிய மட்டும் தொறந்து வை. அது வர்றப்ப வரட்டும். நான் ஒண்ணும் அதைத் தூக்கிகினு ஓடிட மாட்டேன்." சொல்லிவிட்டு அவள் மூக்கைச் சிந்தினாள். அவளுக்கும் இது லேசான காரியம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் மூங்கிலை எடுத்துவிட்டார்கள். நான் அதே இடத்தில் உட்கார்ந்தேன். குப்பு, மூங்கில் கிடந்த தடத்துக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்தாள். நாங்கள் ஆடினோம். பதினோரு நாள் அப்படிப் போனது. நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பதற்கு, காற்று ஏற்றிக்கொண்டதைவிட அதிக பலம் வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் நான் காலை நீட்டி வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து நடந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலையும் நீட்டிக்கொண்டாள். என் பாதத்தைப் பார்த்தாள், தன் பாதத்தைப் பார்த்தாள்.

"வேற" என்றாள். பெரிசு, சின்னது.

என் மெட்டியைத் தொட்டாள். "வேற."

பிறகு மெட்டி போட்டிருந்த விரலைப் பிடித்தாள். பெருவிரலைவிட அது நீளம் எனக்கு. குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த விரல் அப்படியே நீண்டு இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது நான் கவனித்ததே இல்லை. பத்தடி தள்ளி இருந்து அது தெரியாது.

"இதே" என்றாள்.

அக்கா வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆங், ரெண்டும் புருசனை ஆட்டி வைக்கிற காலுதான்!" என்று கத்தினாள்.

இன்றைக்கும் எனக்கு ஓட முடியாது. மலைப்படி ஏறினால் இடது பக்கம் பின்தங்கி, வலது பக்கம்தான் முழு வேலையும் செய்கிறது. நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த ஒரு வருடம் ஏழு மாதம் எனக்குத் திரும்பி வராது, அவளுடைய அந்த வயதும் வராது. ஆனால் அன்றைக்கு வெயிலில், ஊசியும் டாக்டர் விரலும் தவிர யாரும் தொடாத என் உடம்பில், அவள் கை ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தது. அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று பயம். கால் மரத்துப்போனது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.