காலி அறையின் படம்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் கம்ப்ரசர். பிரிட்ஜ் மெக்கானிக் என்பதால் மட்டும் இல்லை. உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போது ஆடும், டிவி பார்க்கும்போது ஆடும். தூங்கும்போதும் ஆடுகிறது என்று அவர் மனைவியே மாடி வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். மாடி வீட்டு அக்காவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த பிரிட்ஜைக் கழற்றுவதற்கு முன்னாலும் போனில் ஒரு படம் எடுத்துவிடுவார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று பிறகு தலையைச் சொறிய வேண்டாம் பாருங்கள். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்கவில்லை. கொடியில் காயும் ஒற்றைச் சாக்ஸ், டீ கிளாஸில் விழுந்த வெயில், மனைவி தலை துவட்டிய துண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் அழகு, எல்லாம் படமாகி ஸ்டேட்டஸில் ஏறும். ஏறியபின் யார் யார் பார்த்தார்கள் என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

"மத்தவங்க கடலைப் போடுறாங்க, மலையைப் போடுறாங்க. நீங்க என் துண்டைப் போடுறீங்க" என்பாள் மனைவி.

"மலையை யாரு பாக்குறா? துண்டைத்தான் எல்லாரும் பாக்குறாங்க."

அந்த வாரம் பின்னறையைக் காலி செய்தார்கள். பழைய மோட்டார், கதவு ரப்பர், செத்துப்போன பிரிட்ஜ் இரண்டு என்று அதில் ஒரு குடும்பமே குடியிருந்தது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் முழங்கை இடிக்க இடிக்கத் தைத்தது போதும், தையல் மெஷினுக்கு அந்த அறை வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். கடைசிச் சாமானும் போய், தரையைக் கழுவி விட்டதும் காலை வெயில் உள்ளே வந்து நீளமாகப் படுத்துக்கொண்டது. கை சும்மா இருக்குமா? படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். அதில் ஒரு வரி வேறு: 'எங்க வீட்டுல ஒரு ரூம் புதுசா பொறந்திருக்கு.'

வேலைக்குப் போன வீட்டில் நின்றுதான் போனைத் திறந்தார். முதல் ஆளாகப் பார்த்திருந்தது மச்சான், மனைவியின் அண்ணன்.

மச்சான் தன் பெண்டாட்டியோடு சண்டை போட்டால் பையைத் தூக்கிக்கொண்டு நேரே தங்கச்சி வீட்டுக்கு வந்துவிடுவார். போன தடவை 'ரெண்டு நாள்' என்று வந்தவர், பால்காரர் அவரை வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்ளும் வரைக்கும் இருந்தார். முந்தாநாள் அவரிடமிருந்து மறுபடி போன் வந்தபோது, அறை முக்கால்வாசி காலியாகியிருந்தும், "அண்ணே, பின்னறையில கால் வைக்க இடமில்ல, அவ்வளவு சாமான்" என்று மனைவி வாய் கூசாமல் சொல்லியிருந்தாள்.

படத்தை அழித்தார். மச்சான் கண்ணிலிருந்து எப்படி அழிப்பது?

அன்று ஒயரைப் படம் எடுக்காமலே கழற்றினார். மாட்டி முடித்தபோது, கதவைத் திறந்தால் உள் விளக்கு அணைந்தது. கதவு மூடும்போது அமுங்குகிற சுவிட்சை விரலால் அமுக்கினால் எரிந்தது.

"ஏம்ப்பா, கதவை மூடுன பிறகு உள்ள இருக்கிற முட்டை படிக்கப்போகுதா?" என்றாள் வீட்டுக்காரம்மா.

அசடு வழிந்து, திரும்ப மாட்டிக்கொடுத்துவிட்டு, படியில் இறங்கிக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவரே ஒரு வழியும் சொன்னார்.

"பழைய பிரிட்ஜ் ஒண்ணைத் திரும்பக் கொண்டாந்து உள்ள வச்சிடட்டுமா? சும்மா தற்காலிகமா?"

"கொண்டாங்க. உங்களையும் அதுக்குள்ள வச்சு மூடுறேன்."

வண்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் மச்சானின் செருப்பு. பின்னறையில், நட்ட நடுவில், பையைத் தலைக்கு வைத்து மச்சான் மல்லாந்து கிடந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! படத்துல பாத்ததைவிட ரூம் பெருசாவே இருக்கு."

கம்ப்ரசர் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றார். மனைவி வந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

"என்னங்க, மெஷினை ஒரு பக்கம் பிடிங்க."

இருவரும் தூக்கி வந்து ஜன்னலோரம் இறக்கினார்கள்.

"அண்ணே, காலை மடக்கு."

"இங்கயா போடப்போற?"

"இங்கதான். உன்கிட்ட பொய் சொன்னேன், தப்புதான். ஆனா இந்த ரூம் எனக்கு வேணும். அண்ணிக்குப் போன் பண்ணிட்டேன். வரச்சொன்னாங்க. கோபம்லாம் ஆறிடுச்சாம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அறை முழுக்கக் கடகடவென்று சத்தம். மச்சான் எழுந்து உட்கார்ந்து கம்ப்ரசரைப் பார்த்தார். கம்ப்ரசர் மின்விசிறியை ஆராய்ந்தார். சத்தம் நிற்கிற மாதிரி இல்லை. மச்சான் பையை எடுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கம்ப்ரசர் கூடவே போனார். மச்சான் கோபித்துக்கொண்டாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்ததில் இரண்டு தடவை தடுக்கி விழப்போனார்.

"மாப்பிள்ளை, என் தங்கச்சி அன்னைக்கே நேரா சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனா?"

மச்சான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் யோசனையாக நடந்தார்.

"வந்திருப்பேன்தான்" என்று தானே சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.