குகை வாசலில் ஐந்தாவது ஆள்

இன்று காலை அடுப்பில் பால் தீய்ந்துபோனது. நான் பேப்பரில் மூழ்கியிருந்தேன், மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாசனை என்னை நேராக ஒரு குகைக்குள் கொண்டுபோய் விட்டது. சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்ற புதிதில் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் மாலைப் பால் தீயாத நாளே குறைவு. ஐந்து மணிக்கு நான் பூதத்தைக் கொல்லப் போய்விடுவேன்.

"ஏங்க, அந்தப் பூதம் செத்தாத்தான் எந்திரிப்பீங்களா?"

"இரு, பெட்டி விழப்போகுது."

"நம்ம வீட்டுப் பால் விழுந்தாச்சு, வந்து தொடைங்க."

போனில் ஆடும் விளையாட்டு அது. எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுக் குழுவாகக் குகைக்குள் போக வேண்டும். கடைசியில் ஒரு பூதம். அது செத்தால் பெட்டி விழும். உள்ளே வாள், கவசம், மோதிரம் என்று எதற்கும் உதவாத சாமான்கள் இருக்கும். அவற்றுக்காக நான் பட்ட பாட்டைப் பதவி உயர்வுக்குக்கூடப் பட்டதில்லை. சொல்லிக்கொடுத்தது மாடியில் குடியிருந்த ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பெண். அவளும் கணவன் பிரகாஷும் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்த்தார்கள். நான்காவது ஆள் 'கறுப்புக் கழுகு' என்ற பெயரில் வருவார். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. எதற்கும் 'ஓகே' என்று மட்டும் தட்டுவார். என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு மேலதிகாரி வாய்த்ததில்லை.

காஞ்சன்பாக் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். வாள் பிடிக்கக் கற்பதற்கு முன் விதிமுறையைத்தான் படித்தேன். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் பெட்டி. நான்கு பேர் என்றால் வெள்ளிப் பெட்டி, கிடைத்ததைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் என்றால் தங்கப் பெட்டி, ஆளுக்கொரு சாமான் நிச்சயம். அந்த ஐந்தாவது ஆள் என்ன செய்ய வேண்டும் என்று தேடினேன். உள்ளே இருக்க வேண்டும், வாசலை ஒட்டி நின்றாலும் போதும், அவ்வளவுதான்.

எனக்கு உடனே எங்கள் கொள்முதல் கமிட்டி ஞாபகம் வந்தது. அதில் ஒரு பெரியவர், கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். ஆனால் அவர் வராவிட்டால் கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய ஆள் கணக்கு, இல்லை; கோரம் இல்லாவிட்டால் ஒரு ஆணிகூட வாங்க முடியாது. எனவே அவருக்குத்தான் முதல் டீ, முதல் சமோசா. அவர் தூக்கத்தின் மேல்தான் எங்கள் தொழிற்சாலை ஓடியது.

அந்தப் பெரியவரை நினைத்ததும் மௌலியைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன் நானும் சந்திரமௌலியும் இதே ஊரில் லாலாகுடாவில், அவன் வீட்டு மாடியறையில் ஒன்றாக இருந்தோம். அவன் ரயில்வே பணிமனையில் இருந்தான், மூன்று தலைமுறையாக செகந்திராபாத் குடும்பம். ஓய்வுக்குப் பிறகு அவன் கைகள் நடுங்கத் தொடங்கி நிற்கவே இல்லை. அவன் மனைவி காலமாகிவிட்டாள். மகன் வீட்டில் தெலுங்கு மருமகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவனிடம் யாருக்கும் ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கவில்லை.

"நான் என்னத்த பா ஆடுறது? டீ கப்பே பிடிக்க வரல. நக்கோ பா, வேணாம்."

"நீ ஆடவே வேணாம்டா. வாசல்ல வந்து நில்லு. நீ நின்னா எங்களுக்குத் தங்கம்."

"சும்மா நிக்கவா? ரயில்வேல இப்படி ஒரு போஸ்ட் இல்லாமப் போச்சே! ஹவ் பா, வரேன்."

மருமகள் போனைத் திறந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள். கோடாலி ஏந்திய ராட்சசனாகக் குகை வாசலில் மௌலி அசையாமல் நிற்பான். உள்ளே நாங்கள் அடிபட்டுச் சாவோம். பெட்டி விழுந்ததும் அவன் குரல்தான் முதலில் வரும்: "எனக்கு என்னா வந்துச்சு?" நல்லதெல்லாம் அவனுக்கே போகும். ஒருமுறை மயிலிறகு வைத்த தலைக்கவசம் விழுந்தது. "ரிடையர் ஆனப்பகூட எனக்கு இவ்ளோ பெரிய மரியாதை நடக்கல" என்றான். மாலையில் உறவினர்கள் போன் செய்தால், "டூட்டி இருக்கு, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவானாம்.

பிறகு கம்பெனி விதியை மாற்றியது. உழைக்காமல் பங்கு வாங்குகிறவர்களை ஒழிக்கப் போகிறார்களாம். பூதத்தின் பலம் இனி உள்ளே இருக்கும் எல்லோரையும் எண்ணித்தான். ஆனால் பெட்டிக்கு மட்டும், அடித்தவர்களைத்தான் எண்ணுவார்கள். அதாவது மௌலி இருந்தால் ஐந்து பேருக்கான பூதம், நான்கு பேருக்கான பெட்டி. விதிவிலக்குக்கு ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். தொழிற்சாலைக்காக நான் எழுதிய எந்த விதியிலும் அந்த வரியை விட்டதில்லை. இதில் இல்லை. முறைப்படி விண்ணப்பம் போட்டேன், மேல்முறையீடு செய்தேன், மௌலியின் மருத்துவச் சான்றிதழை இணைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது, நன்றியும் ஒரு சிரித்த முகமும். கடைசியில் கெஞ்சியே எழுதினேன். அதற்கும் அதே முகம் சிரித்தது.

பஸ் பிடித்து லாலாகுடா போனேன். என் போனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்து விரலைக் கோடாலிப் பொத்தானில் அழுத்தப் பார்த்தேன். விரல் வழுக்கி வழுக்கி ஓடியது. இத்தனை அடி என்று கணக்கு வைத்திருந்தார்கள், பாதிகூடத் தேறவில்லை. அதற்குள் பூதம் எல்லோரையும் தின்றுவிட்டது. அடுத்த நாளும் தின்றது. அந்த மாதம் முழுவதும் நானும் போனேன், அதுவும் தின்றது. எங்களுக்கு ஒரு மரச் செருப்புகூட விழவில்லை.

"தோத்தா தோத்துட்டுப் போறோம் அங்கிள். நீங்க மௌலி அங்கிளை மட்டும் எடுத்துராதீங்க, நாங்க வாறோம்" என்றாள் ஸ்டெல்லா. கழுகு ஒவ்வொரு தோல்விக்கும் 'ஓகே' தட்டியது. ஒருநாள் மட்டும் ஆங்கிலத்தில் கேட்டது: நான்கு பேராகப் போகலாமா? நான் பதில் போடவில்லை. மௌலியின் திரையிலும் அந்த வரி இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மழை, பஸ் இல்லை, நான் வீட்டிலிருந்தே ஆடினேன். பாதிச் சண்டையில் ஒரு வரி வந்தது: சந்திரமௌலி குழுவிலிருந்து விலகினார். விலக ஒரு பொத்தானை அழுத்தி, 'உறுதியா?' என்று கேட்பதற்கு இன்னொன்றையும் அழுத்த வேண்டும். கோடாலிப் பொத்தானைவிடச் சிறியவை. பூதம் அங்கேயே சுருங்கியது, நாங்கள் ஜெயித்தோம். வெள்ளிப் பெட்டி திறந்து கிடந்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை. 'ஓகே' கூட வரவில்லை.

"ஏன்டா போனே?" என்று போனில் கத்தினேன்.

"நான் இருந்தா உங்களுக்கு நஷ்டம் பா. இது தெரியாதா எனக்கு?"

"நஷ்டம் எங்களுக்குத்தானே, உனக்கென்ன?"

போனில் மழைச் சத்தம் கேட்டது, அவன் வீட்டு மழையா என் வீட்டு மழையா தெரியவில்லை.

அந்த விளையாட்டையே பிறகு மூடிவிட்டார்கள். ஸ்டெல்லாவும் பிரகாஷும் புனே போய்விட்டார்கள். கழுகைத் தேட வழியில்லை. புதிதாக வரும் விளையாட்டுகளின் விதிமுறைகளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படிக்கிறேன். எல்லாவற்றிலும் அடித்தவனுக்குத்தான் பங்கு, அடித்தவனுக்குத்தான் கணக்கு. வந்து நிற்பவனையும் ஓர் ஆளாக எண்ணிய அந்த ஓட்டை விதி, நான் படித்தவரை இப்போது எங்குமே இல்லை.

மௌலிக்கு இப்போது குரலும் இறங்கிவருகிறது. காதை வாயருகில் கொண்டுபோனால்தான் கேட்கும். பேச்சு முழுவதும் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் போயிருந்தேன்.

"எங்கனா நிக்க இடம் கெடச்சுதா பா?"

"ரெண்டு மூணு பாத்து வச்சிருக்கேன்டா. விதிமுறை படிச்சிட்டிருக்கேன்" என்றேன்.

"சீக்கிரம் படி பா" என்றான்.