உடைத்த வளையல்கள்

அன்று கோரிப்பாளையம் ஸ்டுடியோவில் அம்மாவும் நானும் ஒலிப்பதிவுக்காரரும் இருந்தோம், அப்பா வரவில்லை. நேற்று பஸ்ஸில் யார் கையிலோ கண்ணாடி வளையல் குலுங்கியதும் அந்த நாள் ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு முன்பு தானே பாட்டுக் கட்டி மேடையில் பாடியவள் அம்மா. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஓய்ந்த பிறகு, அன்றுதான் கேசட்டுக்குப் பாட வந்தாள். கைதட்டித் தாளம் போடாமல் அவளுக்குப் பாட்டு வராது.

“வளையச் சத்தம் மைக்குல விழுகுதுக்கா. கழட்டிருங்க.”

“வீட்டுக்காரரு இருக்கையில வெறுங்கையா இருக்கக் கூடாது தம்பி.”

“அப்ப வளையலையே பாடச் சொல்லுங்க.”

அம்மா சிரிக்கவில்லை. சோப்புப் போட்டும் வளையல்கள் கழலாததால் மேசை விளிம்பில் தட்டி உடைத்தாள். பிறகு நிறுத்தாமல் பாடி முடித்தாள்.

வீட்டில் அப்பா அவள் கைகளைப் பார்த்தார். “நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“பாடிட்டு வாரேன்” என்று மட்டும் சொல்லிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஸ்டுடியோ வாடகையும் புது வளையலும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஆனது.