விளக்கினேன் என்று ஒப்பமிட்ட கை

எமிலியாம்பிள்ளை கிளாக்கர் இறந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது அவரை அடக்கம் செய்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. மூதூர் லாஞ்சில் வந்திறங்கிய வியாபாரி ஒருவர், கருவாட்டு மூடையை இறக்கிக்கொண்டே, "உங்கட பழைய கிளாக்கர் ஐயா மோசம் போயிட்டார், தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அடக்கத்துக்கு ஆர் ஆர் வந்தவை என்று விசாரித்தேன். கோயிற் சனம் கொஞ்சம், கடைசிக் காலத்தில் அவர் வேலை செய்த அரிசி ஆலையிலிருந்து நாலு பேர் என்றார். துறைமுகத்திலிருந்து ஒருவரும் போகவில்லை.

அவர் முன்னால் பெருவிரலை மையில் தோய்த்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் திருகோணமலையில் உயிரோடு இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் வேலை செய்தது கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பனியில். பெயர் எழுதப் போவதில்லை; தெரிந்தவர்களுக்குத் தெரியும். அரசாங்கத்தின் சேமலாப நிதி வருவதற்கு முன்பே அங்கே தனியாக ஒரு நிதி இருந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். கம்பனியும் ஒரு பங்கு போடும். தன் பங்கு அவனுக்கு எப்படியும் கிடைக்கும். கம்பனியின் பங்கு, பத்து வருடம் விடாமல் வேலை செய்தவனுக்கு மட்டும். விதிகள் முழுவதும் இங்கிலீசில் இருந்தன. அவற்றைத் தொழிலாளிக்கு அவனுடைய மொழியில் விளக்க வேண்டும், விளங்கியது என்று அவனிடம் அடையாளம் வாங்க வேண்டும் என்பது சட்டம். கம்பனி என்ன செய்தது? சம்பள நாளில் வரிசையில் நிற்பவனிடம் ஒரு தாளை நீட்டியது. அவன் விரலை அழுத்தினான். அதன் கீழே, "தமிழில் விளக்கினேன்" என்று நலன்புரிக் கிளாக்கர் ஒப்பமிட்டார். பல வருடங்களாக அந்த ஒப்பம் எமிலியாம்பிள்ளையுடையது. அவர் ஒரு வரியும் விளக்கியதில்லை.

நானும் சுத்தமானவன் அல்ல. சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்துகொண்டு, "கெதியா வைச்சிட்டு வாங்கோ, பிறகு பாப்பம்" என்று ஆட்களைப் பின்னால் நின்று தள்ளியவன் நான்.

பிறகு ஒரு வருடம் விதிகளைத் திருத்தினார்கள். எல்லோரிடமும் புதிதாக விரலடையாளம் வாங்க வேண்டி வந்தது. அந்தத் தடவை எமிலியாம்பிள்ளை தாளை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு வாரம் கழித்து, விதிகளைத் தமிழில் எழுதிய கொப்பி ஒன்றுடன் வந்து, சரக்குக் கொட்டகையில் ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்தார். என்ன நேர்ந்து மாறினார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு விதியாக வாசித்துச் சொல்லிவிட்டு, முதலாவதாக நின்றவனைப் பார்த்தார். "விளங்கிச்சுதோ எண்டு நான் கேக்கமாட்டன். கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவியள். இப்ப நீங்கள் கிளாக்கர், நான் மூடை தூக்கிறவன். எனக்கு விளங்கப்படுத்துங்கோ."

"அப்ப முதல்ல இந்தச் சாக்கைத் தோளில போடுங்கோ," என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

எமிலியாம்பிள்ளை சாக்கை வாங்கித் தன் வெள்ளைச் சேட்டின் மேல் போட்டுக்கொண்டார். "போட்டாச்சு. சொல்லுங்கோ."

சிரித்தார்கள். ஆனால் சொன்னார்கள். பிழையாகச் சொன்னவனுக்கு மறுபடியும் வாசித்தார். இருட்டும்வரை வரிசை நகரவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"கிளாக்கர், இது என்ன ஞாயிற்றுக்கிழமை வேதபாடமோ? சனம் வீட்ட போக வேண்டாமோ?"

"தங்கராசா, நீர் சங்கம். நீர் கேக்க வேண்டினதை நான் கேக்கிறன். பேசாமல் இரும்."

பத்து நாட்கள் அவருடன் நான் கதைக்கவில்லை. பத்தாம் நாள்தான் கணபதியின் முறை வந்தது.

கணபதி சல்லியைச் சேர்ந்தவன். பதினான்கு வருடம் எங்களோடு மூடை சுமந்தவன். நெஞ்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. இனிமேல் சுமக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். அந்த வருடத்தோடு விலகி, நிதியில் வருவதைக் கொண்டு சொந்தமாக ஒரு வள்ளம் வாங்குவதென்று இருந்தான். பிறத்தியாருடைய வலையை இழுத்தே காலம் போய்விட்டது என்பான்.

"பத்து வருசம் விடாம நிண்டாக் கம்பனியின்ர பங்கும் வரும்," என்று அவன் விளக்கினான். "நான் பதினாலு வருசம். எனக்கென்ன பயம்."

"விடாமலோ?"

"ஓம் ஐயா. கரைவலைக் காலத்தில மட்டும் தகட்டை ரைம்கீப்பரிட்டக் குடுத்திட்டுப் போவன். திரும்பி வந்தா அதே தகட்டைத் தருவார். வேற ஆருக்கும் அந்த நம்பரைக் குடுக்கிறேல்லை."

எங்கள் ஒவ்வொருவருக்கும் நம்பர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. கடற்கரைக் கிராமத்து ஆட்கள் வலைக் காலத்தில் அதைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் ஊருக்குப் போவது வழக்கம். ரைம்கீப்பர் அதை ஆணியில் மாட்டுவார். தகடு ஆணியில் தொங்கும்வரை வேலை தங்களுக்காகக் காத்திருக்கிறது என்றுதான் அவர்கள் நம்பினார்கள். லீவுக் கடிதம் என்று ஒன்று இருப்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எமிலியாம்பிள்ளை அவனிடம் விரலடையாளம் வாங்கவில்லை. எழுந்து கம்பனிக் கந்தோருக்குள் போய், ஆட்களின் சேவையை எழுதிவைக்கும் இடாப்பைத் திறந்தார். நானும் பின்னால் போனேன். கணபதியின் நம்பருக்கு எதிரே ஒவ்வொரு வருடமும் "விலகினார்" என்று எழுதி, அதன் கீழே "புதிதாகச் சேர்ந்தார்" என்று எழுதியிருந்தது. அந்த இடாப்பின்படி, கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால், அவனுடைய சேவைக்காலம் ஏழு மாதம்.

நானும் அவரும் சேர்ந்து தொழில் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினோம். விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் அவர் என்னை இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நாளைக்குப் பழைய தாளுகளைக் காட்டுவாங்கள். அதில என்ர ஒப்பம் கிடக்கு."

"என்ன சொல்லப் போறியள்?"

"விளக்கேல்லை எண்டு."

"வேலை போயிடும்."

"ஓம். விளக்கினன் எண்டு சொன்னா, கணபதி எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் தகட்டைக் குடுத்தவன் எண்டாகும்."

அடுத்த நாள் அப்படியே நடந்தது. கம்பனிக்காக வாதாட வந்த அப்புக்காத்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தார். கணபதியிடம், இது உன்னுடைய விரலடையாளமா என்று கேட்டார். "ஓம் ஐயா, என்ர விரல்தான்" என்றான் கணபதி. எமிலியாம்பிள்ளை எழுந்து நின்று, "ஒப்பம் என்னுடையது. மேலே எழுதியிருப்பது பொய். நான் விளக்கவில்லை" என்றார்.

"அன்றைக்குப் பொய் எழுதினீர். இன்றைக்குச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?"

அவர் உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தாளில் இருப்பதே செல்லும் என்று தீர்ந்தது. கணபதிக்குத் தன்னுடைய பங்கு மட்டும் கிடைத்தது. அது வள்ளத்துக்குக் காணாது. பொய்யாக உறுதிப்படுத்தியதற்காக எமிலியாம்பிள்ளையை நீக்கினார்கள். நீக்கிய கடிதத்தைத் தேநீர்க் கடையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்குக் கம்பனியின் பங்கு இல்லை. பதினோராம் விதி. எங்க, திருப்பிச் சொல்லும் பாப்பம்" என்றார். அவருடைய இருபத்திரண்டு வருடமும் அந்த விதியோடு போனது.

அவரை முட்டாள் என்றவர்கள் உண்டு. தன் வினை என்றவர்களும் உண்டு. அந்தப் பழைய ஒப்பங்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக மன்னிக்கச் சொல்லி எவரும் என்னிடம் வர வேண்டாம். அவரே மன்னிப்புக் கேட்டவரில்லை. ஆனால், ஆணியில் தகட்டை மாட்டிவிட்டு இடாப்பில் "விலகினார்" என்று எழுதியவர்கள், எழுதச் சொன்னவர்கள், தாள்களை நீட்டச் சொன்ன துரைமார், அவர்களில் ஒருவராவது எழுந்து நின்று தன் பொய்யைப் பொய் என்று சொன்னாரா? எல்லோரும் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மூதூருக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் அவர் அந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, வலைக்குப் போகும் ஆட்களுக்கு லீவுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடங்களில் நாங்கள் எழுதினோம். அந்தக் கடிதங்களால் கம்பனியின் பங்கை முழுதாக எடுத்தவர்கள் நீங்கள்தான். அடக்கத்துக்குப் போகாதவர்களும் நீங்கள்தான். எனக்குச் செய்தி பிந்தி வந்தது என்று நானும் சாட்டுச் சொல்லலாம். அவர் படுக்கையில் கிடக்கிறார் என்று ஆறு மாதத்துக்கு முன்பே கேள்விப்பட்டவன் நான். லாஞ்சு தினமும் ஓடியது.

அந்தக் கடையில் ஒருநாள் கணபதி வந்து அவருக்கு எதிரே இருந்தான். அவனுக்குக் கோபமில்லை. உண்மையாகவே விளங்காத ஒன்றைக் கேட்பவன்போலக் கேட்டான்: "அப்ப ஐயா, அந்தப் பதினாலு வருசமும் நான் எங்க நிண்டனான்?"

எமிலியாம்பிள்ளை கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: "சல்லியைச் சேர்ந்த கணபதி பதினான்கு வருடம் இந்தத் துறைமுகத்தில் மூடை சுமந்தார். நான் பார்த்தேன்." கீழே ஒப்பமிட்டு, அவனுக்கு வாசித்துக் காட்டிக் கையில் கொடுத்தார்.

கணபதி வள்ளம் வாங்கவில்லை. பிறத்தியாருடைய வலையை இழுத்துக்கொண்டே இரண்டு வருடத்தில் போய்விட்டான். அவனுடைய மனைவி அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, இதற்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காது என்றேன். அப்படியென்றால் நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எமிலியாம்பிள்ளை ஒப்பமிட்ட எத்தனையோ தாள்களுள் எந்தக் கந்தோரிலும் செல்லாதது அது ஒன்றுதான். அதை நான் வைத்திருக்கிறேன்.