ஒரே எண், ஒரே ஆள்

கூடத்தின் நடுவில் நம்மவர் நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "இது எதோட சேரும்?" என்று கேட்கிறார். வீட்டில் யாரையும் பார்த்து அல்ல, நகவெட்டியைப் பார்த்து. மற்றவர்களாக இருந்தால் கைக்கு எட்டிய இழுப்பறையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் யோசிப்பார். நகம் வெட்டுவது பழைய பேப்பரை விரித்துத்தான். ஆகவே நகவெட்டி பழைய பேப்பரோடு சேரும். குடை, மருந்து அலமாரியில் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடையை மறந்துவிட்டுப் போனவருக்கு அடுத்து வேண்டியது இருமல் மருந்துதானே என்பது அவர் கட்சி.

"எங்க வெச்சோம்னு ஞாபகம் வெச்சுக்கவே கூடாது. எதுக்கு வெச்சோம்னு நெனச்சாலே பொருள் தானா வந்து நிக்கணும்" என்பார். பொருள் வந்து நிற்பதில்லை. மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறார். காலையில் கிளம்புகிற அவசரத்தில் வண்டிச் சாவிக்காக வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார். சாவி, சக்கரத்துக்குக் காற்றடிக்கிற பம்போடு உறவு கொண்டாடிக்கொண்டு பரணில் கிடக்கும். அலுத்துப்போய் அவர் தனக்கென்று ஒரு தகர டப்பா வைத்துக்கொண்டார். "இந்த டப்பாவுல போட்டது இந்த டப்பாவுலதான் இருக்கும். நீங்க கிட்ட வராதீங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார். பாவம், அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் இவர் முகம் வாடும்.

நண்பர்கள் வட்டாரத்தில் இவருக்குத் தேடல்காரர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று நாலு பேர் சேர்ந்து எழுதி ஊருக்கே விட்டுவிடுகிற மென்பொருள்கள் உண்டல்லவா, அப்படி ஒன்றில் தேடல் பகுதி முழுவதும் இவர் பொறுப்பு. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கம்பெனி வேலை இருக்கிறது. அதைக் கசங்கிய பனியனோடு வீட்டிலிருந்தபடியே ஏனோதானோவென்று முடித்துவிடுவார். சம்பளம் இல்லாத இந்த வேலைக்குத்தான் குளித்து, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு உட்காருவார்.

கணினியில் ஒரு கோப்பை அதன் பெயரைச் சொல்லித் தேடுவது எல்லாரும் செய்கிற காரியம். இவருடைய நிரல் அதோடு விடாது. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் புகுந்து, இதை அனுப்பியவர் யார், இந்தப் படம் எந்தப் பயணத்தில் எடுத்தது, கடிதத்தில் வருகிற அத்தைதான் படத்தில் நிற்கிற அத்தையா என்று துருவித் துருவி விசாரித்து, எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத குறிச்சொற்களை ஒட்டிவைக்கும். 'மழையில நனைஞ்ச அன்னிக்கு எடுத்த படம்' என்று கேட்டால் எடுத்து நீட்ட வேண்டும் என்பது இவர் கனவு. இப்போதைக்கு மழை என்று கேட்டால் குளியலறைப் படங்களை நீட்டுகிறது. "நெருங்கிடுச்சு, தண்ணி வரைக்கும் வந்துடுச்சு" என்று இவர் சந்தோஷப்படுகிறார்.

இத்தனை விசாரணையும் சும்மா நடக்குமா? நிரல் வேலை செய்ய ஆரம்பித்தால் கணினி சூடாகும், உள்ளே இருக்கிற விசிறி ஊரைக் கூட்டும், எழுத்தைத் தட்டினால் சாவகாசமாக வந்து விழும். ஆகவே இந்த மென்பொருளைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்குப் பழையவர்கள் சொல்லும் முதல் புத்திமதி, தேடலை அணைத்துவிடு என்பதுதான். எப்படி அணைப்பது என்று கேட்டு முன்பின் தெரியாத தேசங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் எழுதுகிறார்கள். பதில் எழுதுகிறவர் வேறு யாருமில்லை, இவரேதான். பொறுமையாக, படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்குவார். இவர் எழுதியதிலேயே மிகத் தெளிவானது அந்த விளக்கம்தான் என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். பாராட்டியவர்களுக்கு நன்றி சொல்லித் தனித்தனியாகப் பதிலும் போடுகிறார்.

மனைவியும் அந்த விளக்கத்தைப் படித்துத்தான் தன் மடிக்கணினியில் தேடலை அணைத்தார். இவருக்கு அது தெரியும், தெரியாததுபோல் இருக்கிறார். வீட்டில் அதை அணைக்காமல் வைத்திருப்பவர் இவருடைய மாமியார் ஒருவர்தான். இவர் கொடுத்த பழைய மடிக்கணினியில் படம் பார்ப்பார், பேரன் பேத்திகளுக்கு எழுதுவார். விசிறி இரைந்தால், "மாப்பிள்ளையோட வேலை நடக்குது" என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இந்த உலகத்தில் தன் தேடலை மனமார ஓடவிட்டிருக்கிற ஒரே ஜீவன் என்று இவர் அவரை நினைத்திருந்தார். அந்த மாமியாரைத்தான் நிரல் வாஷிங் மெஷின் மெக்கானிக் ஆக்கிவிட்டது.

நடந்தது இதுதான். வாஷிங் மெஷின் கெட்டுப்போய் மெக்கானிக் வந்த அன்று, எட்டிப் பார்த்த மாமியாரின் கைபேசி அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அவர் மெக்கானிக்கின் கைபேசியை வாங்கி மகளிடம் பேசினார். அது யாருடைய எண் என்று கேட்காமலே, கைபேசி சரியாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று மகள் அந்த எண்ணை 'அம்மா' என்று பதிந்துகொண்டார். அதே எண் வீட்டார் எல்லாருக்கும் பொதுவான எண் பட்டியலில் ஏற்கெனவே 'மெக்கானிக்' என்றும் இருந்தது. மாமியாரின் மடிக்கணினியில் ஓடிய நிரல் இரண்டையும் பார்த்தது. ஒரே எண் என்றால் ஒரே ஆள் என்று முடிவு கட்டி, இருவரையும் இணைத்துவிட்டது. அந்த விதியை எழுதியவர் நம்மவர். எழுதியபோது மிகவும் சிலாகிக்கப்பட்ட விதி அது.

அன்று முதல் கூத்து தொடங்கியது. யாரைப் பற்றிய செய்தியோ அவருக்கே போய்ச் சேர வேண்டும் என்பது இவருடைய இன்னொரு விதி. எனவே வீட்டு நாட்காட்டியில் மாமியாருக்காக எழுதியிருந்த மாத்திரை நினைவூட்டல்கள் எல்லாம் மெக்கானிக்கின் கைபேசிக்குப் போயின. வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காக மெக்கானிக் வெளியிடுகிற அன்றாட வேலைப் பட்டியல் மாமியாரின் திரையில் வந்து நின்றது.

"இன்னிக்குக் காலையில நான் நாலாவது தெருவுக்குப் போய் ஒரு மெஷின் பாக்கணுமாம். மத்தியானம் ஒரு மோட்டார் மாத்தணுமாம்" என்றார் மாமியார். "இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் எங்கடி போவேன்?"

பேத்தி பாட்டியின் படம் வேண்டும் என்று கேட்டபோது, மாமியார் தன் பெயரைப் போட்டுத் தேடினார். மெக்கானிக் எடுத்து வெளியிட்டிருந்த கழிவுநீர்க் குழாய்களாக வந்தன. முப்பது வருஷத்துக் குடும்பப் படங்களுக்கு நடுவில், துருப்பிடித்த மெஷின் டிரம் ஒன்று 'அம்மா, பின்பக்கத் தோற்றம்' என்ற குறிப்போடு இருந்தது. மாமியார் மடிக்கணினியை மூடிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மகளுக்கு வந்ததே கோபம். "ரெண்டு பேரையும் பிரிச்சு எழுதறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம் ஆகும்" என்றார் தேடல்காரர்.

"அப்ப செய்யுங்களேன்."

"செய்யக் கூடாதும்மா. கையால திருத்தினா நம்ம வீட்டுக்கு மட்டும்தான் சரியாகும். உலகத்துல எத்தனை மாமியார் இப்படி மாட்டிக்கிட்டிருக்காங்களோ. தப்புன்னு அதுவா உணரணும்."

இது வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. கையால் திருத்துவதை இவர் பொய் சொல்வதற்குச் சமமாக நினைக்கிறார். பத்து வருஷமாக ஒரு குறிச்சொல்லைக்கூடக் கையால் மாற்றியதில்லை. நிரல் இவரைத் தொட்டிச் செடி என்று வகைப்படுத்தியிருந்த ஒரு மழைக்காலம் முழுக்கத் தொட்டிச் செடியாகவே இருந்தார். மனைவிக்கு அந்தச் சரித்திரம் எல்லாம் தெரியும். அதனால் வாதாடவில்லை, கெடு வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்கம்மாவ அந்தாள்கிட்டேருந்து பிரிச்சு எடுங்க. இல்லன்னா அவங்க எங்கண்ணன் வீட்டுக்குப் போறாங்க. பெட்டி கட்டியாச்சு. அந்தக் கம்ப்யூட்டரையும் இங்கயே வெச்சுட்டுப் போறாங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் இவர் மாமியாரின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மாமியார் போய்விட்டால் வீடு வெறிச்சோடிப் போகும். தேடலும் அனாதையாகிவிடும். இரண்டில் எதற்காக அதிகம் பயந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சாப்பாடு இறங்காமல், குளிக்காமல், கம்பெனி வேலைக்குரிய பனியனோடேயே உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே படத்தில் ஒரே நேரத்தில் இரண்டு முகம் இருந்தால், அவர்கள் இரண்டு பேராகத்தானே இருக்க வேண்டும்? நிரலுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை மெக்கானிக் கருவிப் பையோடு வந்து நேரே சலவை அறைக்குப் போகப் பார்த்தார். "மெஷினுக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்க மாமியார் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும்" என்றார் தேடல்காரர். மெக்கானிக் எத்தனையோ வீடுகளைப் பார்த்தவர். ஒன்றும் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மாமியார் ஒரு முழம் தள்ளி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றார்.

படத்தை நிரல் பார்த்தது. விசிறி இரைந்தது. 'அம்மா, கண்ணாடிக்கு முன்னால்' என்று குறிப்பு வந்தது.

தேடல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே ஆள் ஒரு படத்தில் இரண்டு தடவை தெரிந்தால் அது நிலைக்கண்ணாடி என்று முன்னொரு காலத்தில் இவரே ஒரு விதி எழுதியிருந்தார். "கண்ணாடியில தெரியற ஆள் நாம செய்யறதத்தான் செய்வார். நீங்க ரெண்டு பேரும் வேற வேற மாதிரி ஏதாவது செய்யுங்க, நான் அதுக்குள்ள இதைச் சரி பண்ணிடறேன்" என்று குனிந்து தட்ட ஆரம்பித்தார். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். மெக்கானிக் நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.

"தெனமும் உங்க மாத்திரை எனக்கு வருதும்மா" என்றார் மெக்கானிக். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. இப்ப அது வந்தா, போட்டாங்களா இல்லையான்னு மனசு அடிச்சுக்குது. எங்க வீட்லயும் கேக்கறாங்க, அந்தம்மா போட்டாச்சான்னு."

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அந்த நாலாவது தெரு வீட்டுல தண்ணி வெளிய போகலன்னு ரொம்ப நாளா எழுதியிருக்கே. நீங்க இன்னும் போகலியே?"

"சாமான் வரலம்மா."

"வரலன்னா வரலன்னு அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ல? வாளியில தண்ணி மொண்டு மொண்டு அவங்க இடுப்பு என்ன ஆகறது?"

மெக்கானிக் அங்கேயே கைபேசியை எடுத்து நாலாவது தெருவுக்குப் பேசினார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் மாமியார் காதை அங்கேயே வைத்திருந்தார். முடித்ததும் திருப்தியாகத் தலையசைத்தார். அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது படம் எடுக்கப்பட்டது. வந்ததுதான் வந்தோம் என்று மெக்கானிக் சலவை அறைக்குப் போய் மெஷினின் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.

நிரல் நெடுநேரம் இரைந்தது. பிறகு திரையில் ஒரு கேள்வி வந்தது: 'இவர்கள் இருவரும் வேறு வேறு நபர்களா?' கீழே மூன்று பொத்தான்கள். ஆம். இல்லை. பிறகு கேட்கவும்.

தேடல்காரர் திரையைத் தொட்டுப் பார்த்தார். சந்தேகம் வந்தால் கேட்கச் சொல்லி இவர் என்றோ எழுதிவைத்திருந்தும், இத்தனை வருஷத்தில் அது எதையும் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி அடித்துச் சொல்லித்தான் பழக்கம். "கேக்குது பாருங்க. அதுக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்று மனைவியிடமும் மாமியாரிடமும் சொன்னார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"ஆம்னு அழுத்துங்க, முடிஞ்சுது" என்றார் மனைவி.

இவர் அம்புக்குறியைக் கொண்டுபோய் 'ஆம்' மேல் வைத்தார். மாமியார் எழுந்து வந்து திரையருகே குனிந்தார். "அழுத்தினா என்ன ஆகும், மாப்பிள்ளை?"

"நீங்க நீங்களாயிடுவீங்க. அவரு அவராயிடுவாரு."

"நாலாவது தெரு?"

"அது உங்களுக்கு வராதுங்க."

"என் மாத்திரை?"

"அவருக்குப் போகாது."

சலவை அறையில் குழாய் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "அம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது போட்டாச்சா?"

"இதோ போடறேன்ப்பா" என்றார் மாமியார். மவுஸ் மேல் இருந்த மாப்பிள்ளையின் கையைத் தன் கையால் மூடி, அம்புக்குறியை 'ஆம்' மேலிருந்து மெல்ல நகர்த்திக் கொண்டுபோய், 'பிறகு கேட்கவும்' என்ற பொத்தானை அழுத்தினார்.