பின்னால் போகாத டெஸ் ஹாலம்

காரில் பூட்டி இழுத்துப்போகும் சக்கர வீடான கேரவனைப் பின்னால் எடுத்து நிறுத்துவது எப்படி என்று டெஸ் ஹாலம் மாதிரி விளக்கக்கூடிய ஆள், ஆஸ்திரேலியக் கரை நெடுகத் தேடினாலும் கிடைக்கமாட்டார். அவருக்கு அது வராது என்பது வேறு விஷயம். அதைப் பெரிதுபடுத்துவது சின்னத்தனம்.

ஓய்வு பெறும்வரை டெஸ் டிரைவிங் லைசென்ஸுக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரியாக இருந்தார். உள்நாட்டில், கோதுமையும் ஈயும் நன்றாக விளைகிற ஒரு ஊர். வேலைக்காலம் முழுக்க இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து, மடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் பிடித்தவர்களின் வியர்வையை மதிப்பிட்டார். ரிவர்ஸ் எடுப்பதில்தான் கண்டிப்பு அதிகம். சக்கரம் நடைபாதை விளிம்பை முகர்ந்தாலே போச்சு. அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றால் அந்தப் புண்ணியம் டெஸ்ஸைச் சேரும். பாதிப்பேருக்கு நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓய்வு பெற்றதும், எங்கள் வயதில் எல்லாரும் செய்கிற அதே தனித்துவமான காரியத்தைச் செய்தார். வீட்டை விற்றார், கேரவன் ஒன்றும் அதை இழுக்க ஒரு டீசல் வண்டியும் வாங்கினார், மனைவி நோலீனை ஏற்றிக்கொண்டு கரையோரமாகக் கிளம்பிவிட்டார். கேட்டால், சுதந்திரம் என்றார். நாட்டைச் சுற்றி இருப்பது ஒரே சாலை. அதில் எங்களைப்போல் ஆயிரக்கணக்கான சுதந்திர மனிதர்கள், ஒருவர் பின்னால் ஒருவராக, எதிரே வருகிற கேரவனுக்கெல்லாம் வணக்கமாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டியபடி போய்க்கொண்டிருக்கிறோம்.

முதல் வாரமே டெஸ்ஸுக்கு ஒரு உண்மை தெரியவந்தது. கேரவன் பூட்டிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவன் வலப்பக்கம் போகும். அரசாங்கத்தில் வேலை பார்த்தவருக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. இருந்தாலும் அன்று மாலை ஒரு குப்பைத்தொட்டி, கொஞ்சம் வேலி, யாரோ ஆசையாக வளர்த்த தக்காளிச் செடி எல்லாம் பலியாயின. அத்தோடு டெஸ் பின்னால் போவதை விட்டுவிட்டார். மனிதன் முன்னேறத்தானே பிறந்திருக்கிறான்.

அதன்பிறகு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற இடங்களில் மட்டும்தான் தங்கினார்கள். கேரவன்களை நிறுத்தித் தங்கும் எந்தப் பூங்காவிலும் அப்படிப்பட்ட இடம் நெடுஞ்சாலையை ஒட்டித்தான் இருக்கும், கழிப்பறைத் தொட்டிகளைக் கவிழ்க்கும் குழிக்குப் பக்கத்தில். கடலைப் பார்த்த இடம் வேண்டுமானால் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். ஆகவே எட்டு வருஷம் கடலோரமாகவே பயணம் செய்து, நோலீன் பெரும்பாலும் பார்த்தது லாரிகளை. வழியில் எதையாவது தாண்டிவிட்டால் தாண்டியதுதான். ஒருமுறை செடூனா என்ற ஊரில் பால் வாங்க மறந்துவிட்டார்கள். அடுத்து அவள் பால் ஊற்றித் தேநீர் குடித்தது வேறு மாநிலத்தில்.

இத்தனைக்கும் நாலு மணிக் கூட்டத்தில் டெஸ்தான் தலைமை நீதிபதி. எந்தப் பூங்காவானாலும் நாலு மணிக்கு நாங்கள் அவரவர் மடக்கு நாற்காலியையும் அவரவர் பீரையும் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவோம். அந்த நேரத்துக்குத்தான் புதிதாக வருகிறவர்கள் வந்து ரிவர்ஸ் எடுப்பார்கள். கணவன் ஓட்டுவார், மனைவி பின்னால் நின்று கையை ஆட்டுவாள், நாற்பது வருஷத் தாம்பத்தியம் எங்கள் கண்ணெதிரே ஆட்டம் காணும். நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம். வழியில் தடை ஏதாவது இருந்தால் எடுத்துப்போடுவோமே தவிர, ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு யோசனை சொல்வது எங்களிடையே அநாகரிகம். வண்டி நின்றதும் டெஸ் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒடிச்சது சீக்கிரம், நிமித்தினது லேட்டு. பத்துக்கு மூணு" என்பார். எங்களுக்கு அவர் வாக்கு வேதவாக்கு. அவர் ரிவர்ஸ் எடுத்து யாரும் பார்த்ததில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. நீதிபதியிடம் போய் நீங்கள் எப்போதாவது திருடியிருக்கிறீர்களா என்றா கேட்பார்கள்?

இனி, கோரல். நோலீனின் அக்கா. கணவன் போன பிறகு கார்மோடி விரிகுடாவில் தனியாக இருந்தாள். டெஸ் வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஊரைக் கடப்பார். அங்கே இருப்பது ஒரே பூங்கா, எல்லா இடமும் கடலைப் பார்த்த இடம். எனவே நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குக்குக் கோரல் வந்து நிற்பாள். வண்டிக்கு டீசல் நிரம்புகிற நேரத்துக்குள் அக்காவும் தங்கையும் ஒரு வருஷத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். டெஸ் வண்டிக்குக் கூடுதலாக ஒரு டாங்க் பொருத்தியிருந்தார். அதை அவர் மனைவிக்குச் செய்த உபகாரமாகவே நினைத்தார்.

இந்த வருஷம் கோரலின் மகன் அவளைத் தாஸ்மேனியாவுக்குக் கூட்டிப்போக முடிவு செய்தான். வீடு விற்றாயிற்று, மாசக் கடைசியில் கிளம்ப வேண்டியது. தாஸ்மேனியாவுக்குக் கேரவன் கப்பலில்தான் போக முடியும். கப்பலில் ஏற்றுகிறவன் "கொஞ்சம் பின்னால எடுங்க" என்று சொல்லித் தொலைத்தால்? டெஸ் அந்தத் தீவை எப்போதோ மனதிலிருந்து அழித்துவிட்டிருந்தார். ஆக, அக்காவோடு இருக்க நோலீனுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு மாசம். அவள் டெஸ்ஸைக் கேட்கவில்லை. பூங்காவுக்குப் போன் போட்டு, மாசக் கடைசிவரை ஓர் இடத்தைப் பிடித்துவிட்டு, ஊடால போகிற இடம்தான் என்று அவரிடம் சொல்லிவைத்தாள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வண்டி அந்த இடத்துக்கு முன்னால் நின்றது. ஜன்னல் திறந்திருந்தது.

"நோலீன், இது ஊடால போற இடமில்ல."

"இல்ல."

"பின்னால எடுக்கணும்."

"ஆமா. உனக்குத்தான் அத்துப்படியாச்சே."

"எவ்வளவு நாளைக்குப் பிடிச்சிருக்க?"

"கோரல் கிளம்பற வரைக்கும். முடியாதுன்னா சொல்லு, இறங்கிக்கறேன். நீ பெட்ரோல் பங்குல காத்திரு."

எங்களில் ஒருவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "டெஸ்தானே அது? எனக்கு மூணு மார்க் போட்ட மகராசன். நல்லா பாத்துக்கறேன்." இன்னொருவன் பைனாகுலரை எடுக்கக் கேரவனுக்கு ஓடினான்.

டெஸ் இறங்கினார். இடத்தைச் சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"கிளை தாழ்வா இருக்கு. கூரைல இடிக்கும்."

பக்கத்து இடத்துக்காரன் லிண்ட்ஸி. ஆயுள் முழுக்க டிராக்டர் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்று, ரிப்பேர் பார்க்க எதுவும் இல்லாமல் இளைத்துக்கொண்டிருந்தவன். ரம்பத்தோடு வந்தான். கிளை விழுந்தது.

"இப்ப?"

"அந்த மேசை வழில கிடக்கே."

கனமான மரமேசை. நாங்கள் தூக்கி நகர்த்தினோம். தரை சரிவு என்றார், மண்வெட்டி வந்தது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார், இரண்டு பேர் ஒரு கூடாரத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் ஆட்களிடம் அதைச் சொல்லக் கூடாது, கூடத்தையே நிமிர்த்திக் கொடுத்துவிடுவார்கள்.

டெஸ் வண்டியில் ஏறினார். நோலீன் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினாள். இஞ்சின் உறுமியது. நின்றது. டெஸ் தலையை வெளியே நீட்டினார்.

"ரிவர்ஸ் விழமாட்டேங்குது. கியர்பாக்ஸ் போச்சு."

எங்கள் முகங்களில் பரவியதை அனுதாபம் என்று சொன்னால் பொய். அது பேரானந்தம். கியர்பாக்ஸ்! பூங்கா முழுக்க ஓய்வு பெற்ற ஆண்கள், ஒவ்வொருவன் வண்டியிலும் ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர், ஆறு மாசமாக ஒரு குழாய்கூடச் சொட்டவில்லை. கேரவனைக் கழற்றி, எல்லாருமாகக் கையாலேயே தள்ளி, கடலைப் பார்த்து நிறுத்தினோம். இருட்டுவதற்குள் லிண்ட்ஸி வண்டிக்கு அடியில் இருந்தான். இரண்டு நாளில் "தானாச் சரியாயிடுச்சு" என்று சொல்லிக் கிளம்பலாம் என்பது டெஸ்ஸின் திட்டம். ஆனால் மறுநாள் காலை அவர் பல்விளக்க வெளியே வந்தபோது, கியர்பாக்ஸ் நான்கு பெஞ்சுகளில் பரப்பியிருந்தது.

நோலீன் அன்றே துண்டை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கோரல் அங்கே காத்திருந்தாள். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசினார்கள். விரல் சுருங்கி வெளியே வந்து, ரொட்டிக்குள் சாஸேஜை வைத்துத் தின்றுவிட்டு, மறுபடி இறங்கிப் பேசினார்கள். எட்டு வருஷத்துப் பாக்கி.

மூன்றாம் நாள், டெஸ் குளிக்கப் போன நேரம் பார்த்து லிண்ட்ஸி அவர்கள் கேரவன் படியருகே வந்தான். கையில் எண்ணெய்த் துணி.

"நோலீன், ஒரு விஷயம். அந்தக் கியர்பாக்ஸ்ல ஒரு குறையும் இல்ல."

"தெரியும்."

"டெஸ்ஸுக்கு?"

"அவருக்குத்தான் முதல்ல தெரியும்."

லிண்ட்ஸி துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் யோசிப்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

"எப்ப வரைக்கும் கெட்டுப்போயிருக்கணும்?"

"கோரல் கிளம்பற வரைக்கும்."

"அப்ப ஒரு பல்சக்கரம் ஆர்டர் போட்டாகணும். மெல்போர்ன்லேருந்து வரணும்."

"நாளாகுமா?"

"ஆர்டரே போடலியே. நாளாகத்தான் செய்யும்."

அன்று மாலைக்குள் பூங்கா முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. டெஸ்ஸிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு மனிதனின் மானத்தை நாங்கள் அப்படிக் காப்பாற்றுவோம். அவனைத் தவிர எல்லாரிடமும் பேசி. டெஸ் தினமும் பெஞ்சுகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

"மெல்போர்ன்லேருந்து எதாவது?"

"வேலைநிறுத்தமாம்" என்பான் ஒருவன்.

"சாலைல வெள்ளமாம்" என்பான் அடுத்தவன்.

"ரிவர்ஸ ரொம்ப உபயோகிச்சிருக்க டெஸ்" என்றான் லிண்ட்ஸி ஒரு நாள், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். "உன்னை மாதிரி ஓட்டறவங்களுக்கு வர்ற வியாதி இது. கொஞ்சம் முன்னாடியும் போகணும்ப்பா."

டெஸ் தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

மாசக் கடைசியில் கோரலின் மகன் காரோடு வந்தான். கோரல் தங்கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு டெஸ்ஸிடம் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"இத்தனை வருஷத்துல நீ எனக்குப் பண்ணின ஒரே நல்லது, வண்டி கெட்டுப்போனதுதான் டெஸ்."

டெஸ் அடக்கமாகச் சொன்னார்: "என்னாலான உதவி."

கார் நெடுஞ்சாலையில் மறைந்தது. அதிசயம், அன்று மத்தியானமே மெல்போர்னிலிருந்து பல்சக்கரம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எல்லாம் பூட்டியாயிற்று. லிண்ட்ஸி தன் டிராக்டர் சாமான் டப்பாவில் தேடி, ஒரு பழைய சக்கரத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி டெஸ்ஸிடம் பணிவாகக் கொடுத்தான். "இதுதான் போயிருந்தது."

டெஸ் அதை வெளிச்சத்துக்குத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நான்தான் முதல் நாளே சொன்னேனே" என்றார். "மூணாவது பல்லு. பாத்தாலே தெரியுது."

நாங்கள் எல்லாரும் வரிசையாக வந்து அந்த மூன்றாவது பல்லைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனோம். கடைசியாக நோலீன் வந்தாள். கடலில் குளித்த தலைமுடி இன்னும் காயவில்லை.

"தூக்கிப் போட்டுடாத டெஸ்" என்றாள். "தாஸ்மேனியாவுக்கு எடுத்துட்டுப் போலாம். கோரலும் பாக்கணும்ல."